வாசகர் கேள்வி – பதில்: டிஜேயின் வெள்ளி, சனி, ஞாயிறு

கேள்வி: என் மகன் சென்னையில் டிஜேயாக இருக்கிறான். வெள்ளி, சனி இரவுகளில் கிளப், ஞாயிறு மாலை திருநெல்வேலியில் திருமண வரவேற்பு என்று ஓடுகிறான். திங்கட்கிழமை வீட்டில் படுத்தால் பொழுது சாயும்வரை எழுந்திருப்பதில்லை. பாட்டைப் போட்டுவிட்டு நிற்பவனுக்கு இவ்வளவு களைப்பா?
— ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: பாட்டைப் போடுவது அந்த வேலையில் ஒரு சிறு பங்குதான், அம்மா. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் தனக்கு மட்டும் கேட்கும்படி ஓடவிட்டு, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, ஆடுகிறவர்களின் கால் தடுமாறாதபடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதுதான் தொழில். 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்பவர் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை அடுத்தடுத்து வைத்து, ஆட்டத்துக்கு உகந்த தாளப்பகுதியை மட்டும் மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டே போனார். இன்று இசைத்தட்டின் இடத்தில் பென்டிரைவ் வந்துவிட்டாலும், ஒரு காது கூட்டத்துக்கும் மற்றொரு காது அடுத்த பாட்டுக்குமாக மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருப்பது மாறவில்லை.

வேகத்தைத் தானாகப் பொருத்தித் தரும் பொத்தான் இப்போதைய கருவிகளில் உண்டு என்பது உண்மையே. கிளப்பில் ஓடும் ‘ஹவுஸ்’ என்ற ஆட்ட இசை நிமிடத்துக்கு 120 முதல் 130 தாள அடி வரை, நான்கு நான்காக, இம்மியும் மாறாமல் நடப்பதால் அங்கே அந்தப் பொத்தான் நன்றாகவே உதவும். நம் குத்துப்பாட்டுகளில் பலவோ மும்மூன்றாகத் துள்ளும் நடையில் அமைந்தவை. பழைய பாட்டுகளாக இருந்தால், கலைஞர்கள் கையால் வாசித்துப் பதிவானவை என்பதால், பாட்டுக்குள்ளேயே வேகம் சற்று ஏறி இறங்கும். அங்கே காதும் விரலும்தான் துணை. மேடையில் டிரம்ஸ் அல்லது தவில் வாசிப்பவர் உடன் இருந்தால், அவருடைய அன்றைய உற்சாகத்துக்கும் சேர்த்து ஈடுகொடுக்க வேண்டும்.

கிளப்புக்கு வருகிறவர்கள் ஆடுவதற்கென்றே வருகிறார்கள். முதல் மணி நேரத்தில் தணிவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் போதும். நம் ஊர்த் திருமண வரவேற்பில், தோழர்கள் குத்துப்பாட்டு கேட்க, தாய்மாமன் பழைய பாட்டு கேட்க, மொய் எழுதுகிறவர் தமக்கு எதுவும் கேட்கவில்லை என்று சத்தத்தைக் குறைக்கச் சொல்ல, எல்லாம் ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் நடக்கும். கிளப்பில் ஸ்பீக்கர்கள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மண்டபத்திலோ ஒலியமைப்பாளரோடு பிற்பகலிலேயே நின்று, ஜெனரேட்டர் முதல் கடைசி ஒயர் வரை சரிபார்த்தாக வேண்டும். என் கணிப்பில் மூன்று நாள்களில் மிகக் கடினமானது ஞாயிறுதான்.

இடையே பயணத்தையும் எண்ணிப் பாருங்கள். சனி இரவு அவர் கருவிகளை மூட்டை கட்டும்போது நெல்லை எக்ஸ்பிரஸ் வெகுதூரம் போயிருக்கும். காலை விமானத்தில் தூத்துக்குடி வாகைகுளத்தில் இறங்கித் திருநெல்வேலி வர வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் 600 கிலோமீட்டருக்கு மேல் கார்ப்பயணம். இரவு நிகழ்ச்சி முடித்துவிட்டு அவரே காரை ஓட்டிக்கொண்டு வருவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். திங்கட்கிழமை உறக்கத்தைக் கலைக்காதீர்கள், தாராளமாக உறங்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு இந்த ஆண்டு நையாண்டி மேளத்துக்குப் பதில் டிஜே வைக்கலாம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இரவு எதுவரை அனுமதி உண்டு?
— விழாக் குழுவினர், சங்கரன்கோவில் வட்டம்

பதில்: ஒலி மாசு விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு முன்னதாகவே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும், திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதைப் பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம் என்றாலும், உங்கள் கொடை நாள் அதில் அடங்குகிறதா என்பதைக் காவல் நிலையத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள். சத்தத்தின் அளவுக்கும் வரம்பு உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். நிகழ்விடத்தின் எல்லையில் அதைவிடப் 10 வரை கூடலாம். ஆகவே 65-ஐத் தாண்டக் கூடாது. டிஜே கொண்டுவரும் பெரிய ஸ்பீக்கர்களுக்கு அது முணுமுணுப்பு.

மேளத்துக்குப் பதில் டிஜே என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சாமியாடியின் முகத்தையும் காலையும் பார்த்துக்கொண்டே தவிலும் பம்பையும் அடியை முடுக்குகின்றன. அருள் ஏறுவது தாமதமானால் மேளம் காத்திருக்கும். பதிவான பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. மாலையில் இளைஞர்களுக்கு இரண்டு மணி நேரம் டிஜேயும், கொடைக்கு மேளமும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கொடை செவ்வாயில் வருமானால் டிஜேக்கு அன்று வேறு வேலை இராது; கூலியைக் குறைத்துப் பேசவும் வழி உண்டு.

கேள்வி: திருமண மண்டபத்தில் டிஜே பாட்டுப் போட்டால் பதிப்புரிமைக் கட்டணம் கட்ட வேண்டுமா?
— மண்டப உரிமையாளர், அம்பாசமுத்திரம்

பதில்: திருமணம் என்றால் வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்ஏ), திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தைச் சார்ந்த பிற கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. மத்திய அரசும் 2023 ஜூலையில் இதை அறிவிப்பாக வெளியிட்டுத் தெளிவுபடுத்தியது. கிளப்புக்கும், சீட்டு விற்று நடத்தும் நிகழ்ச்சிக்கும் இந்த விலக்கு கிடையாது.

கேள்வி: நானும் டிஜேதான். வார இறுதியில் மூன்று நிகழ்ச்சிகள் முடிந்தால் திங்கள் முழுவதும் காதில் ‘ஙொய்’ என்று இரைகிறது. பழகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள்.
— ஓர் இளைஞர், தென்காசி

பதில்: பழகுவது இரைச்சலன்று, கேட்கும் திறன் குறைவதுதான். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். கணக்கிட்டால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். நீங்கள் மேடையில் மூன்று, நான்கு மணி நேரம் நிற்கிறீர்கள். நீங்கள் கேட்பதற்கென்று பக்கத்தில் வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை மீறிக் கேட்பதற்காக ஹெட்போனை மேலும் ஏற்றுவது வேறு.

முதலில் மானிட்டரைக் குறையுங்கள். பாட்டுகளை இணைக்கும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். பஞ்சு பயன் தராது. இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் வடிகட்டி வைத்த காதடைப்பான், மேல்சுருதியையும் கீழ்ச்சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் இசை மங்கலாகக் கேட்காது. ஞாயிறு நிகழ்ச்சிக்குப் பின் ஊர் திரும்பும் காரிலும் பாட்டு வேண்டாம். இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கேட்புத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு காது திடீரென மந்தமாகிவிட்டால், அடுத்த வார நிகழ்ச்சியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றே செல்லுங்கள். அதற்கான மருந்து முதல் சில நாள்களில்தான் நன்றாக வேலை செய்யும்.