தேடுபொறியில் ஒரு சொல்லை மட்டும் இட்டால் ஏன் பொருள் வருவதில்லை?

தேடுபொறி அகராதி அல்ல. எந்தச் சொல் எந்த இணையப் பக்கத்தில் வருகிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும் பெரிய அட்டவணை அது. நாகர்கோவில் கோட்டாறு கடைத்தெருவில் 'சுக்கு' என்று மட்டும் சொன்னால் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள்; 'சுக்கு என்றால் என்ன' என்று கேட்டால்தான் விளக்குவார்கள். அதனால் சொல்லுக்குப் பின்னால் 'பொருள்' அல்லது 'அகராதி' சேர்த்துத் தேடுங்கள்.

குமரி மாவட்டத்தில் பழைய பத்திரம் படிப்பவர்களுக்கு இது ரொம்பவே உதவும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு (இன்றைய கேரளத்தின் பெரும்பகுதி அடங்கிய மாநிலம்) இருந்த பகுதி என்பதால் அவற்றில் மலையாளச் சொற்கள் நிறைய. அரிதான சொல்லைத் தேடுபொறி பிழை என்று எண்ணி வேறொன்றைத் தேடிவிடலாம். இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள், அப்புறம் மலையாள எழுத்திலும் தேடிப் பாருங்கள். பழந்தமிழ்ச் சொல்லா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதிக்கே நேராகப் போய்விடுங்கள். 1924 முதல் 1936 வரை வந்த 6 தொகுதிகளும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம்.

தேடல் முடிவுகளுக்கு மேலே பெட்டியில் வரும் பொருளைத் தேடுபொறியே சரிபார்த்துத் தருவதாகப் பலர் நம்புகிறார்கள்; ஆங்கிலச் சொற்களுக்கு கூகுள் அதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலிருந்து பெறுகிறது, மற்றவை பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுத்துக் காட்டப்படுபவை.