அறுபது வருடப் பழைய ஃபெராரிக்கு ஏன் இத்தனை கோடி?

ஃபெராரி 250 ஜிடிஓ-வையே எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1964 வரை தயாரான இந்தக் கார்கள் மொத்தம் 36. புதிதாக அமெரிக்காவில் சுமார் 18,000 டாலர். அறுபதுகளின் முடிவில் அது வெறும் பழைய பந்தயக் கார். சில ஆயிரம் டாலருக்கே கைமாறியது. அதே வகைக் கார் ஒன்று 2014-இல் 3.8 கோடி டாலருக்கும், இன்னொன்று 2018-இல் 4.84 கோடிக்கும் ஏலம் போயின.

எண்ணிக்கை இனி கூடவே போவதில்லை என்பதுதான் முதல் காரணம். ஆனால் அரிதாக இருந்தால் மட்டும் போதாது. யாரும் சீந்தாத அரிய கார்களும் உண்டு. பந்தயத்தில் ஜெயித்திருக்க வேண்டும், யார் யாரிடம் இருந்தது என்ற ஆவணம் வேண்டும், இஞ்சின் எண் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்த வேண்டும். இஞ்சின் மாறியிருந்தால் விலை கணிசமாக இறங்கிவிடும்.

வாங்குபவர்களின் வயதுக்கும் பங்குண்டு. சிறுவயதில் இந்த மாதிரிக் கார்களின் படத்தைச் சுவரில் ஒட்டியவர்கள் கையில் இப்போது பணம் புரள்கிறது. 106 மட்டுமே தயாரான தொண்ணூறுகளின் மெக்லாரன் எஃப்1 கார் ஒன்று 2021-இல் 2 கோடி டாலரைத் தாண்டியது அதனால்தான் என்பது என் கணிப்பு.

விலை இப்படியே ஏறிக்கொண்டே போகுமா என்றும் கேட்கலாம். 1988-இல் ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி இறந்ததும் விலைகள் தாறுமாறாக எகிறின; தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சடசடவென்று சரிந்தன. கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள்தான் அப்போது மாட்டிக்கொண்டார்கள்.