மூன்றாவது மருந்துக்கு முன்னால் வேலியோரம் போய்ப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நீலகிரி கேத்தி பாலாடாவில் 40 சென்ட்டில் குஃப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். கார்போகம், இன்று 68-ஆம் நாள். பத்து நாளாக மழையும் மூடுபனியும். இலை ஓரம் வெந்தாற்போல் கறுத்து, கால்வாசித் தோட்டத்தில் பரவிவிட்டது. கடையில் கொடுத்த கார்பென்டாசிம் பூஞ்சைக்கொல்லியை டானிக்கோடு கலந்து இரண்டு தடவை, தடவைக்கு மூன்று டேங்க் அடித்தேன். நிற்கவில்லை. இன்னும் வீரியமான மருந்து எது? போன கடைபோகத்திலும் இதே கதைதான்.

பதில்: உங்கள் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது. வருகிறேன்.

காலையில் ஈரம் காயும் முன் கருகிய இலையைத் திருப்பிப் பாருங்கள். கருகலின் விளிம்பில் மாவு தூவினாற்போல் வெள்ளை தெரிந்தால் பின் கருகல் நோய்தான். இதைக் கொண்டுவரும் ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமி பார்க்கத்தான் பூஞ்சை; உறவு நீர்ப்பாசிகளோடு. கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. தெரியாமல் கொடுத்தாரா, தேங்கிய சரக்கைத் தள்ளினாரா என்று கடைக்காரரிடமே கேளுங்கள். டானிக் கடைக்குப் போட்ட உரம், செடிக்கு அல்ல. அடுத்து மெட்டலாக்சில் என்ற மருந்தை நீட்டுவார். அதற்கு மசியாத கிருமி இனம் நம் மலைக்கு வந்து பல வருடம் ஆகிறது.

மழை விட்ட இடைவெளியில் சைமோக்சனில்–மேன்கோசெப் கலவை லிட்டருக்கு 3 கிராம். ஏழெட்டு நாள் கழித்து டைமெத்தோமார்ப் 1 கிராமும் மேன்கோசெப் 2 கிராமும். 40 சென்ட்டுக்கு 16 லிட்டர் டேங்க் ஆறாவது போகவேண்டும். நாசில் கீழிருந்து மேலே பார்க்கட்டும், அடியிலைதான் முக்கியம்.

இனி நீங்கள் கேட்காதது. நோய் எங்கிருந்து வந்தது? கார், கடை, நீர் என்று மூன்று போகமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஊரில் அதற்கு ஓய்வு நாளே கிடையாது. அறுவடையில் கழித்துப்போட்ட அழுகல், வெட்டு, பொடிக்கிழங்கு எல்லாம் வேலியோரம் குவியும். அடுத்த மழையில் அது முளைக்கும், முளையோடு நோயும் எழும்பும். வயலில் நீங்கள் மருந்து அடிப்பீர்கள். குவியலுக்கு யார் அடிப்பது? கேரட் பாத்தியில் தானாக முளைத்த ஒற்றை உருளைச் செடியை "இருக்கட்டும், நாலு கிழங்கு வரும்" என்று விட்டுவைப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. பிடுங்குங்கள். கழிவை இரண்டடிக் குழியில் போட்டு மூடுங்கள். ஓடையில் தள்ளவேண்டாம், கீழ்த்தோட்டக்காரர் உங்களை வாழ்த்தமாட்டார்.

பாத்தியில் வெடிப்பு தெரிந்தால் இன்றே மண் அணையுங்கள். இலையிலிருந்து வித்துகள் மழைநீரோடு அந்த வழியாகத்தான் கிழங்குக்கு இறங்கும். கருகல் முக்கால்வாசியைத் தாண்டினால் மருந்துச் செலவை நிறுத்துங்கள். செடியை அடியோடு அறுத்து வெளியேற்றி, பதினைந்து நாள் விட்டு, வெறித்த நாளில் தோண்டுங்கள். இதிலிருந்து விதை எடுக்கக் கூடாது, பார்வைக்கு எத்தனை நன்றாக இருந்தாலும்.

போன போகக் கழிவை எங்கே கொட்டினீர்கள்? அதை எழுதுங்கள்.