ஓடிபி சொன்னது அம்மா, கடன் வாங்கியது யாரோ

கேள்வி: பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொன்னவனிடம் என் அம்மா ஆதார் எண், பான் எண், ஓடிபி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இப்போது ஏதோ ஒரு ஆப்பில் அவர் பெயரில் 80,000 ரூபாய் கடன். கட்டச் சொல்லி தினமும் போன். பேசியவனுக்கு என்ன தண்டனை? அம்மா மேல் கேஸ் வருமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா மேல் கேஸ் வராது. ஏமாந்தது குற்றமில்லை, அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள், வீட்டில் எல்லாரும் சேர்ந்து திட்டித் தீர்த்திருப்பீர்கள்.

பேசியவனுக்கு வருவோம். அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதற்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, போனிலோ கம்ப்யூட்டரிலோ இன்னொருவராக நடித்து ஏமாற்றுவதற்கு 66டி. இரண்டிலும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். ஆனால் இரண்டுமே ஜாமீனில் வரக்கூடியவை, பிடிபட்டவன் சீக்கிரமே வெளியே வந்துவிடுவான். அதனால் எஃப்ஐஆரில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜூலைக்கு முன்பு நாம் வாய்நிறையத் திட்டிய அதே 420தான், 7 ஆண்டு வரை சிறை, எளிதில் ஜாமீன் கிடைக்காது. அம்மா பெயரில் சிம்மும் வாங்கியிருந்தால் 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் சேரும். அதில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அவர் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

இதெல்லாம் அவன் சிக்கினால்தான். உங்களுக்கு இன்றைக்கே வேண்டியது புகார் எண். சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள், அப்புறம் அந்தப் புகார் நகலை வைத்து கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்துக்கும் 'இது நாங்கள் வாங்கிய கடன் இல்லை' என்று எழுத்தில் அனுப்புங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தொல்லை விட்டால் போதும் என்று ஒரு தவணைகூட கட்டாதீர்கள், கடனை நீங்களே ஒத்துக்கொண்டதாக அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

அம்மாவின் சேமிப்புக் கணக்கிலிருந்தும் பணம் போயிருந்தால் கொஞ்சம் கசப்பான விஷயம்: ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை போனது நம் நஷ்டம். தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்றெல்லாம் பார்க்காதீர்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், நண்பன் கேட்டான் என்று 5,000 ரூபாய்க்குத் தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்திருக்கிறான். கணக்கை முடக்கிவிட்டார்கள், வெளிமாநில போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவன் யாரையும் ஏமாற்றவில்லையே சார்?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஏமாற்றிய பணம் வந்து இறங்கியது அவன் கணக்கில். போலீஸுக்கு முதலில் கிடைக்கும் பெயரும் முகவரியும் அவனுடையதுதான், போன் பேசியவனுடையது இல்லை. தெரிந்தே கொடுத்தான் என்றால் மோசடியிலும் கூட்டுச்சதியிலும் அவனும் குற்றவாளி. தெரியாது என்றால் அதைக் காட்ட வேண்டும், 5,000 வாங்கியது அங்கேதான் இடிக்கும். நண்பனோடு பேசிய வாட்ஸ்அப் எதையும் அழிக்க விடாதீர்கள், அவனைக் காப்பாற்றப்போவது அதுவாகக்கூட இருக்கலாம். நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கைது வரை போகும். இந்த வாரமே ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள், பதிலை அவர் எழுதட்டும்.