பாஸ் சுரத்தின் கீழே 6: எந்தச் சுரத்தை வாசிக்கக் கூடாது?

பழைய ஐரோப்பிய இசைத்தாளில் பாஸ் (அடிநிலைச்) சுரமான 'ஈ'யின் கீழே 6 என்ற எண் இருக்கிறது, அதை வாசித்தால் சுரங்கள் உரசுகின்றன, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் வாசிக்கும் 'பி'யை எடுத்துவிடுங்கள், உரசல் போய்விடும். பாஸில் 'ஈ', அதன் கீழே 6 என்றால் வாசிக்க வேண்டியது ஈ, ஜி, சி மட்டும். நீங்கள் சொன்னது போல ஈ, ஜி, பி வாசித்து, மேலே 'சி'யையும் சேர்த்தால் பியும் சியும் அரைச்சுர இடைவெளியில் மோதத்தான் செய்யும்.

கிடார் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எழுதும் முறையில் பழகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே சி6 என்றால் கார்டோடு ஆறாவது சுரம் கூடுதலாகச் சேரும். பரோக் காலத்து ஃபிகர்டு பாஸில், அதாவது பாஸ் சுரத்தோடு எண்களை எழுதி மற்ற சுரங்களைக் குறிக்கும் முறையில், 6 என்பது 6, 3 (பாஸிலிருந்து ஆறாவது, மூன்றாவது சுரங்கள்) இரண்டுக்கும் சுருக்கம். ஐந்தாவது சுரத்துக்கு அங்கே இடமில்லை. எண்ணே இல்லாத இடத்தில்தான் 5, 3.

இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி 1700-இல் வெளியிட்ட ஓபஸ் 5 (ஐந்தாவது தொகுப்பு) வயலின் சொனாட்டாக்களில் கீபோர்டு கலைஞருக்கென்று எழுதியிருந்ததே ஒரு பாஸ் வரியும் இந்த எண்களும்தான். மிச்சத்தை அவர் அங்கேயே கற்பனை செய்து வாசித்தார். எனக்கு இந்த இசையில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

சரிபார்க்க: பாஸ் சுரத்தை 1 என்று வைத்து, கீ சிக்னேச்சரில் (வரியின் தொடக்கத்தில் உள்ள ஷார்ப், ஃபிளாட் குறிகள்) உள்ள சுரங்களிலேயே மேலே எண்ணுங்கள். ஈயிலிருந்து ஆறாவது சி.

ஒன்று கவனியுங்கள். 6-க்கு அடியில் 5-உம் அச்சாகியிருந்தால் ஐந்தாவது சுரம் வேண்டும்; அங்கே அந்த உரசல் வேண்டுமென்றே வைத்தது.