நாட் ஃபிட் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தாராவியில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தேரியில் டிவி சீரியல்களுக்கு காஸ்டிங், அதாவது நடிக்க ஆள் தேர்வு, செய்யும் ஆபீஸில் ஒன்பது வருடமாக வேலை. மனசெல்லாம் ஆவணப்படத்தில்தான். ஒன்பது வருடமும் வீணாகிவிட்டது என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிடலாமா? எந்த கேமரா வாங்கலாம்? பணத்துக்கு யாரைப் பார்ப்பது?

கே., மும்பை

அன்புள்ள கே.,

கையிலிருக்கும் போன் போதும். கூட ஒரு நல்ல மைக் வாங்குங்கள். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். பணத்துக்கு என்னைவிட மோசமான ஆலோசகர் கிடைக்கமாட்டார். வேலையை விடாதீர்கள், மும்பையில் வாடகை யார் கொடுப்பது?

சரி, அந்த ‘வீண்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். என்ன பேச்சு இது? 1967ல் அரசின் ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக எஸ்.என்.எஸ். சாஸ்திரி ‘ஐ ஆம் 20’ எடுத்தார். நாடு விடுதலையான 1947ல் பிறந்து இருபது வயதை எட்டிய பிள்ளைகள் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள், அவ்வளவுதான் படம். யாரைப் பேச வைப்பது என்று முடிவானபோதே அதில் பாதி முடிந்துவிட்டது. அந்தப் பாதியைத்தான் ஒன்பது வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்திருக்கிறீர்கள்.

ஆனால் தப்பாகவும் படித்திருக்கிறீர்கள். உங்கள் அந்தேரிப் பக்கம் ஆராம் நகரில் ஆடிஷன் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பேர் சொல், உயரம் சொல், இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு. பலருக்கு அதுகூடக் கிடையாது, வாசலிலேயே ‘நாட் ஃபிட்’. கேட்டவுடன் அழுபவரை சீரியலுக்கு எடுக்கலாம். ஆவணப்படத்தில் அப்படி அழுபவர், பெரும்பாலும் ஏற்கெனவே பத்துப் பேரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணப்படக் குழுவோடு உங்கள் தாராவியில் சுற்றினேன். மொழிபெயர்ப்பு, ஆள் பிடிப்பது இரண்டும் என் வேலை. 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் மும்பையில் நடந்த மதக் கலவரத்தைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர் இட்லிக் கடை வைத்திருந்தார். விடிவதற்குள் அவித்து முடித்தால்தான் தூக்குக்காரப் பையன்கள் சயான், மாட்டுங்கா பக்கம் விற்கக் கிளம்ப முடியும். பேசமாட்டேன் என்றுவிட்டார். நாலு நாள் போய் சும்மா உட்கார்ந்து தேங்காய் துருவிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் நான் கேட்காமலே பேசினார். ஒரு மணி நேரத்துக்கு மேல். வெட்டுக்குத்து பற்றிக் கொஞ்சம்தான். ஊரடங்கில் விற்க வழியில்லாமல் பானை பானையாகப் புளித்துப் பொங்கிய மாவை, மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடையில் கொட்டியதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மாவு கொட்டினால் வீட்டுக்கு ஆகாதாம்.

அக்கா பேசியது எடிட்டிங்கில் முழுசாகப் போய்விட்டது. “கலவரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லலையே” என்றார் இயக்குநர். நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் பார்க்கும்போதெல்லாம் அக்கா கேட்பார்: “தம்பி, நம்ம படம் எப்பம் வரும்?” கொஞ்ச நாளில் நான் வேறு சந்து வழியாகப் போகப் பழகிக்கொண்டேன். உங்கள் ஆபீஸில் முகத்துக்கு நேராகவாவது நாட் ஃபிட் என்று சொல்கிறீர்கள். சமூக அக்கறையோடு படம் எடுத்த எங்களுக்கு அந்த யோக்கியதைகூட இல்லை.

அதனால் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். யாரைப் படம் பிடித்தாலும் திரும்பிப் போங்கள். படத்தில் இருந்தால் போட்டுக் காட்டுங்கள். இல்லையென்றால் ‘நீங்கள் இல்லை’ என்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். விருது, விழா எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மறுபடியும் சொல்கிறேன், திரும்பிப் போங்கள்.

அக்கா ஊருக்கே போய்விட்டதாகக் கேள்வி. நீங்கள் தாராவியில் எந்தப் பக்கம், தொண்ணூறடி ரோடா, கும்பார்வாடாவா? உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்த இட்லி சாப்பிட்டிருப்பார்.