நெஞ்சு படபடக்கும்போது கால்சியம் வாசலில் நடப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், கேப்டவுன் பக்கத்துத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. உடலியங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, பெரிய வெள்ளியன்று தீமிதிக்கு வரிசையில் நின்றபோது நெஞ்சு திம்திம்மென்று அடித்தது. அட்ரினலின் இதயச் செல்லுக்குள் புகுந்துவிடுகிறதா?

பதில்: புகுவதே இல்லை, தம்பி. செல்லின் மேற்சவ்வில் செய்தி வாங்கும் பீட்டா-1 என்ற ஏற்பியைத் தொடுவதோடு அதன் வேலை முடிந்தது. அதன்பின் உள்ளே செய்தி கடத்தும் ஜி புரதம் விழிக்கிறது, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு பெருகுகிறது, பி.கே.ஏ. என்ற நொதி கிளம்பிப் போய்ச் சில புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. முடிவில் துடிப்புக்குத் துடிப்பு கூடுதல் கால்சியம் வந்து தசை பலமாகச் சுருங்குகிறது.

கேள்வி (பீனிக்ஸ்): பாஸ்பேட் ஒட்டுவது, செல்லுக்குள் கால்சியத்தை விடும் வாசலான கால்சியம் சேனலிலேயேதான் என்று என் பழைய பாடநூலில் இருக்கிறது. மருத்துவம் படிக்கும் மகள் அப்படியில்லை என்கிறாள்.

பதில்: மகள் சொல்வதுதான் சரி, அக்கா. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பல பத்தாண்டுகள் எல்லோரும் வாசற்கதவையே, அதாவது எல் வகை சேனலையே சந்தேகித்தார்கள். அதில் 1928ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம்தான் பாஸ்பேட் ஒட்டும் இடம் என்று நம்பினார்கள். அந்த இடத்தை மாற்றிய எலிகளிலும் அட்ரினலின் வழக்கம்போல வேலை செய்தது. பிறகு ஒட்டக்கூடிய இடங்களை ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள். அப்போதும் சேனல் அதேபோலத் திறந்தது!

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் மார்க்ஸின் குழு வேறு கேள்வி கேட்டது: சேனலுக்குப் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள்? அருகிலிருக்கும் புரதங்களுக்கெல்லாம் அடையாளம் இட்டு, அட்ரினலின் போன்ற மருந்தைக் கொடுத்தபின் யார் விலகுகிறார்கள் என்று பார்த்தார்கள். விலகியது ராட் என்ற சின்னப் புரதம். சேனலின் ஒரு பகுதியான பீட்டா துணை அலகைப் பற்றிக்கொண்டு கதவைத் திறக்க விடாமல் தடுப்பது அதுதான். பி.கே.ஏ. பாஸ்பேட் ஒட்டியதும் அதன் பிடி தளர்கிறது, சேனல் அடிக்கடி திறக்கிறது. 2020இல் இது வெளிவந்தது. கதவில் எதையும் ஒட்டவில்லை, காவலாளியை நகர்த்தியிருக்கிறது.

கேள்வி (டோங்காட்): இவ்வளவு கால்சியம் வந்தால் இதயம் சுருங்கியபடியே நின்றுவிடாதா?

பதில்: நிற்காது. கால்சியத்தைத் திரும்பச் செல்லுக்குள் இருக்கும் கிடங்குக்கு ஏற்றும் பம்புக்கும் பாஸ்போலாம்பன் என்ற தடை உண்டு. அதே பி.கே.ஏ. அதையும் தளர்த்திவிடுவதால் இதயம் சீக்கிரம் தளர்ந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது.

கேள்வி (மெரிபேங்க்): எனக்கு அட்டெனொலால் கொடுத்திருக்கிறார்கள். படபடப்பு இல்லாத நாளில் விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அது பீட்டா-1 ஏற்பியை மறைத்து நிற்கும் மாத்திரை. மாதக்கணக்கில் மறைத்திருந்தால் செல் கூடுதல் ஏற்பிகளை வைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் அட்ரினலினிடம் சிக்கும், நெஞ்சுவலிகூட வரலாம். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான்.

கேள்வி (கேப்டவுன்): 1967இல் இங்கே க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில்தான் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றி வைத்தார்கள். நரம்பு அறுபட்ட இதயத்துக்குப் பயம் தெரியுமா?

பதில்: நல்ல கேள்வி. நரம்பு வழிச் செய்தி வராது. ஆனால் அட்ரீனல் சுரப்பி விடும் அட்ரினலின் இரத்தத்தோடு வந்து சேரும். ஏற்பி, ராட், சேனல் எல்லாம் புது இதயத்திலும் அப்படியே இருக்கின்றன. இரத்தம் கொண்டுவர வேண்டியிருப்பதால் வேகம் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும். அதனால்தான் மாற்று இதயம் பெற்றவர்களை, நடக்கத் தொடங்குமுன் சற்று நேரம் உடலைச் சூடாக்கச் சொல்கிறார்கள்.